கூத்தாடிய குடம்

இந்தத் தெருவில் என் மனைவிக்கு ஐஸ்காரம்மா என்று பெயர். எனக்கு ஐஸ்காரம்மா வீட்டுக்காரர் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக இதே தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். இங்கே நடமாடும் பேன்ட்டுகளில் பாதி என் கத்தரி பட்டவை. ஆனாலும் தையல்காரரே என்று என்னை ஒரு ஆள் கூப்பிட்டதில்லை. ஆரம்பத்தில் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் ஒரு வீம்பு பிடித்தேன், அவள் வண்டியில் ஏறுவதில்லை என்று. ஒரு தடவை அவளாகவே, "ஏறுங்க, கடையில இறக்கி விட்டுட்டுப் போறேன்" என்றாள். "எனக்கு சைக்கிள் இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. ஒன்பது வருடம் ஓடிவிட்டது. வயிற்றெரிச்சல் எப்போதோ அடங்கிப்போனது. வீம்பை எப்படிக் கீழே இறக்கி வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அவள் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள். கல்யாணமாகி வந்தபோது ஐஸ் தொழிற்சாலையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எந்த வண்டியில் எத்தனை கட்டி ஏறியது, எங்கே போகிறது, அவ்வளவுதான் வேலை. ஒரு நாற்காலி, ஒரு மேசை, தலைக்கு மேலே கிறீச்சிடும் மின்விசிறி. பதினொரு வருடம் எழுதினாள். அந்தப் பதினொரு வருடமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் சாய்ந்துவிடுவாள், பேச்சே இருக்காது. ஒரு நாள் விடியற்காலை ஓட்டுநர் ஒருத்தர் வேலைக்கு வரவில்லை. மீன் சந்தையிலிருந்து போன் மேல் போன். இவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள், போய்விட்டாள். உரிமம் ஏற்கெனவே இருந்தது, அவள் அப்பா விடாப்பிடியாக எடுக்க வைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். வந்தவள் என் எதிரே உட்கார்ந்து, "நாளைலேர்ந்து நான் எழுதப் போறதில்ல, ஓட்டப் போறேன்" என்றாள். ஊசி நேராக என் விரலில் ஏறியது.

பிறகு சொந்தமாகவே ஒரு சின்ன சரக்கு வண்டி வாங்கினாள். பழைய வண்டிதான். பின்கட்டில் ஐஸ் கட்டிகள், மேலே மரத்தூள், அதற்கு மேலே ஈரச் சாக்கு. விடிவதற்கு முன் கிளம்பிப் பதினோரு மணிக்குத் திரும்புவாள். அதனால் அடுப்படி என் பொறுப்புக்கு வந்தது. கையெல்லாம் காய்த்துப் போச்சு என்பாள், அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். வண்டியோடு ஓயாமல் பேசுவாள். "டேய், மேடு வருது, மூச்சைப் பிடிச்சுக்கோ." "என்னடா இருமற, காலையில ஊத்தின டீசல் ஒத்துக்கலையா?" என்னிடம் இருபது வருடமாக வாங்க, போங்கதான். வண்டிக்கு வாடா, போடா. இரண்டு பேரில் யாரிடம் அவளுக்கு உரிமை அதிகம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போன மாதம் அந்த வண்டியின் இடது பின்சக்கரம் பாட ஆரம்பித்தது. முதலில் மெல்லிய ஊளை. பிறகு ஒரு ஆட்டம். வண்டி மெதுவாகப் போகும்போது பார்த்தால் சக்கரம் நேராகச் சுற்றாது, இடுப்பை ஒடித்து ஒடித்துச் சுற்றும். "குடம் தேஞ்சிருக்கு" என்றாள்.

இந்தக் குடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சக்கரத்துக்கு நடுவில் கனத்த இரும்பு வட்டம் ஒன்று இருக்கிறது. அச்சுத் தண்டின் நுனியில் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டு சக்கரத்தைத் தாங்குவது அதுதான். பட்டறையில் அதை ஹப் என்கிறார்கள். அவள் அப்பா குடம் என்பார், அதனால் இவளும் குடம் என்பாள். இது எனக்குத் தெரியாதது இல்லை. நூறு தடவை சொல்லியிருக்கிறாள். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு மாடியில் என் அண்ணன் இருக்கிறார். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் குற்றம் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு என்னை வளர்த்தது அவர்தான். அதனால் அவர் எதைக் கேட்டாலும் என் தலை தானாக ஆடும். மழை வருமாடா என்றாலும் ஆடும், வராதாடா என்றாலும் ஆடும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? இந்தச் சக்கரம் போடற கூத்துல எனக்கு மாடியில தூக்கம் போச்சு. தூக்கத்தை விடு. ஒரு நாள் வண்டி ஒரு பக்கம் போகும், சக்கரம் ஒரு பக்கம் போகும். காய்கறி வியாபாரி ஒருத்தர் வண்டி தேடறார். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். வித்துடலாம். தொழிற்சாலையில அவ நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்காம், நான் விசாரிச்சுட்டேன். என்னடா சொல்ற?"

என் தலை ஆடியது. இந்தத் தடவை அது தானாக ஆடவில்லை, நான்தான் ஆட்டினேன். ஒரு மாதமாக அந்தச் சக்கரம் தெருமுனை திரும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் தையல் மெஷினை நிறுத்திவிடுவேன். விற்றால் நல்லது என்றுதான் நினைத்தேன். அவள் அடியில் இருந்தாளே, பார்த்திருக்க மாட்டாள் என்றும் நினைத்தேன்.

அவள் கறுத்த கைகளோடு வெளியே வந்தாள். அண்ணனை அவள் பெரியத்தான் என்று கூப்பிடுவாள்.

"பெரியத்தான், வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வண்டி இதே வாசல்ல நிக்கும். நீங்களே சக்கரத்தை ஆட்டிப் பாருங்க. ஆடினா வித்துடுங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நாற்காலிக்கே போறேன். ஆடலைன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்."

"எழுதித் தரியாம்மா?"

"நான் எழுதறதை விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது, மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரோரம் சாய்ந்து பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பதினொரு வருடம் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை வரை அவளுக்கு ஓய்வில்லை, பட்டறைக்காரருக்கும் நேரமில்லை. அன்றைக்குப் பத்து மணிக்குள் பெரும்பாலான கட்டிகளை இறக்கிவிட்டு, மிச்சம் இரண்டு கட்டியோடு நேராகப் பட்டறைக்குப் போய்விட்டாள். பதினொன்றரைக்குப் போன் வந்தது. பின்னால் யாரோ இரும்பை இரும்பால் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, குடம் கீறல் விட்டிருக்கு. மாத்தித்தான் ஆகணும். பரண்ல கட்டி வெச்சிருக்கேன்ல, அந்தக் குடத்தை எடுத்துக்கிட்டு உடனே வாங்க. ஆற அமர வராதீங்க."

எனக்குக் கேட்டது இவ்வளவுதான். குடம், கீறல், பரண். பட்டறையில் குடிக்கத் தண்ணீர் வைக்கிற குடம் உடைந்துவிட்டது போலிருக்கிறது, வெயிலில் தொண்டை வறண்டு கிடக்கிறாள் பாவம் என்று மனம் உருகிவிட்டது. பரணில் ஏறினேன். முன்னால் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. தூக்கினேன், கனத்தது, பழைய இரும்பு என்று ஓரமாகத் தள்ளினேன். அதற்குப் பின்னால் துணியில் சுற்றிய எங்கள் பித்தளைக் குடம். இறக்கித் துடைத்து, வெறுங்குடமாக எதற்குக் கொண்டுபோவது என்று நல்ல தண்ணீராக நிரப்பி, சைக்கிளின் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினேன். வழியில் தெரிந்தவர் ஒருவர், "என்ன, கடையை மூடிட்டுத் தண்ணி வியாபாரமா? வீட்டம்மா ஐஸா விக்கிறாங்க, நீங்க உருக்கி விக்கிறீங்களா?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை.

பட்டறை பெரிய சாலையில், டீக்கடைக்கு அடுத்தது. தகரக் கூரை, கறுத்த தரை. அதன் சொந்தக்காரருக்குச் சம்மட்டி என்று பெயர். எந்தக் கோளாறு என்றாலும் முதலில் சம்மட்டியைத்தான் எடுப்பார், அதனால் வந்த பெயர். நாற்பது வயது, நல்ல மனிதர், என் மனைவியை அக்கா என்பார், அந்த முறையில் நான் மாமா. வண்டி ஜாக்கியில் நின்றது. சக்கரம் கழன்று ஓரமாகக் கிடந்தது. அச்சின் நுனியில் அந்த இரும்புக் குடம் துருவேறி உட்கார்ந்திருந்தது. அதன் மேல் மூன்று கால் இழுவைக் கருவி மாட்டியிருந்தது. அந்தக் கால்கள் குடத்தின் விளிம்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும், நடுவில் உள்ள நீளப் போல்ட்டைத் திருகினால் அது அச்சை உள்ளே தள்ளும், குடம் வெளியே வரவேண்டும். வரவில்லை. ஒன்றரை மணி நேரமாகத் திருகியும் அடித்தும் ஒரு நூல் அளவுகூட நகரவில்லை.

நான் பித்தளைக் குடத்தை இறக்கி வைத்தேன்.

"இந்தா, முதல்ல ஒரு வாய் குடி" என்றேன்.

சம்மட்டி குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மாமா, இது எந்த வண்டிக்கு மாமா பொருந்தும்?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரணில் நான் தள்ளிவிட்ட சாக்கு மூட்டைதான் அந்தக் குடம்.

அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எதற்கும் சிரிக்கிறவள்.

"வேணும்னே பண்ணீங்களா?" என்றாள்.

"என்ன பேசற நீ?"

"ஞாயித்துக்கிழமை பெரியத்தான் கேட்டப்ப சரின்னீங்கல்ல?"

"நீதான் அடியில இருந்தியே."

"அடியிலேர்ந்து பார்த்தா கால் தெரியும். சரின்னு தலையாட்டினா உங்க வலது கால் மெஷின் மிதிக்கிற மாதிரி ஆடும். இருபது வருஷமா பார்க்கிறேன். அன்னைக்கும் ஆடிச்சு."

எனக்கு இது தெரியாது. என் காலை நான் பார்த்ததே இல்லை. சம்மட்டி சிரிப்பை நிறுத்திவிட்டு, தேவையே இல்லாமல் ஒரு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். மறைத்துப் பிரயோசனமில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"குடம் சத்தியமா தெரியாம கொண்டு வந்தது. தலையாட்டினது தெரிஞ்சேதான். பயம். நீ தினமும் அந்தச் சக்கரத்தோட போறதைப் பார்த்துட்டு, பதினோரு மணி வரைக்கும் என்னால ஒரு தையல் நேரா போட முடியல. நீ வரலைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"பயம்னா என்கிட்ட சொல்லணும். அவர்கிட்ட தலையாட்டக் கூடாது" என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரி, மணி பன்னெண்டரை. அஞ்சுக்குள்ள இது வரணும்" என்றாள்.

சம்மட்டி எழுந்தார். "அக்கா, நெருப்பு வெச்சிடலாம். பக்கத்துல கேஸ் வெல்டிங் இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை."

"நெருப்பு வெச்சா குடம் வரும். உள்ள எண்ணெய் கசியாம அடைச்சிருக்கிற ரப்பர் கருகிடும். அதை மாத்த இன்னொரு நாள் ஆகும். எனக்கு இன்னொரு நாள் இல்ல."

"அப்ப சம்மட்டிதான்."

"சம்மட்டியால அடிச்சா அச்சு வளையும். நீ கொஞ்ச நேரம் சும்மா இரு."

நான் ஓரமாக நின்றேன். வண்டியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் இரும்புக்குள் இரும்பு மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வீட்டு அடுப்படிதான் ஞாபகம் வந்தது. பாத்திரம் கழுவுகிறவனுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை.

"டம்ளருக்குள்ள டம்ளர் மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவோம்?" என்றேன்.

"மாமா வெயில்ல சைக்கிள் மிதிச்சிருக்காரு, பாவம்" என்றார் சம்மட்டி.

"இல்லப்பா. உள் டம்ளர்ல ஐஸ் தண்ணி ஊத்துவேன், வெளி டம்ளரை வெந்நீர்ல வைப்பேன். உள்ளது சுருங்கும், வெளியில இருக்கிறது விரியும். ரெண்டும் சண்டையே போடாம பிரிஞ்சுடும். நான் வாரத்துக்கு ரெண்டு தடவை பண்ணுவேன்."

சம்மட்டி மறுபடி சிரிக்க வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வண்டியின் பின்கட்டைப் பார்த்தாள், அங்கே சாக்குக்கு அடியில் இரண்டு கட்டி. டீக்கடையைப் பார்த்தாள், அங்கே ஆவி பறக்கும் பாய்லர். கடைசியில் என் பித்தளைக் குடத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டீக்கடைக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. "கொதிக்கிற தண்ணி ஒரு குடமா? குளிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "தர்றேன். பதிலுக்கு இன்னைக்குச் சாயங்காலம் எனக்கு அரைக் கட்டி ஐஸ் வரணும். ஜூஸ் போடணும்" என்றார். சரி என்றேன். என் தலை ஆடியது. குனிந்து பார்த்தேன், வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

அவள் கம்பியால் ஐஸைக் குத்தி உடைத்து, துணியில் மூட்டையாகக் கட்டி அச்சின் நுனியில் வைத்து அழுத்திப் பிடித்தாள். பத்து நிமிடம் பிடித்தாள், அவள் கை மரத்துப்போனதும் நான் மாற்றிப் பிடித்தேன். சம்மட்டி அச்சின் நட்டை மூன்று சுற்று மட்டும் தளர்த்தி அப்படியே விட்டிருந்தார். ஏன் முழுதாகக் கழற்றவில்லை என்று கேட்டேன்.

"இத்தனை இறுக்கத்துல குடம் திடீர்னு கழண்டா பறந்து வந்து மூஞ்சில அடிக்கும். நட்டு இருந்தா தடுத்துடும். நட்டு முழுசா கழண்டா ஆபத்து மாமா, உங்களுக்குச் சொல்லவா வேணும்?"

ஐஸை எடுத்ததும் நான் கொதிநீரைக் குடத்தின் மேல் சுற்றிச் சுற்றி ஊற்றினேன், அதாவது பித்தளைக் குடத்திலிருந்து இரும்புக் குடத்தின் மேல். ஆவி கிளம்பி மூவரையும் மறைத்தது. சம்மட்டி இழுவைக் கருவியை இன்னும் கால் சுற்று திருகி, ஒரு அடி வைத்தார். அசையவில்லை. மறுபடி ஐஸ், மறுபடி வெந்நீர். அசையவில்லை. மணி ஒன்றரை. "டம்ளர் வேற, குடம் வேற மாமா" என்றார் சம்மட்டி, இந்தத் தடவை கேலியில்லாமல். மூன்றாவது குடம் வாங்கப் போனபோது டீக்கடைக்காரர் அரைக் கட்டியை ஒரு கட்டி ஆக்கிவிட்டார்.

மூன்றாவது குடம் பாதி ஊற்றியிருப்பேன். அவள் சம்மட்டியின் கையிலிருந்து சுத்தியலை வாங்கினாள். குடத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, "டேய், போதும்டா. எனக்காக வாடா" என்றாள். எழுந்து, இழுவைப் போல்ட்டின் தலையில் ஒரே ஒரு அடி வைத்தாள். டங் என்று ஒரு சத்தம். குடம் ஒரு விரல்கடை முன்னால் குதித்து நட்டில் முட்டி நின்றது. பிறகு சம்மட்டி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மாமா, இனிமே இங்க யாருக்கு எது மாட்டினாலும் உங்களுக்குத்தான் போன்" என்றார். அவர் கையில் இருந்த கிரீஸ் முழுக்க என் கைக்கு வந்தது. நான் துடைக்கவில்லை.

சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் பறந்தேன். இந்தத் தடவை பரணிலேயே சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் துளை, சுற்றிலும் போல்ட்டுத் துளைகள், இரும்பு. சந்தேகத்துக்கு இடமில்லை. அதைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மாடியிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னடா எடுத்துக்கிட்டுப் போற?"

"குடம் அண்ணே."

"காலையிலதானே ஒரு குடம் எடுத்துக்கிட்டுப் போன?"

"அது தண்ணிக் குடம். இது சக்கரக் குடம்."

"உனக்கு வெயில் ஒத்துக்கல. அஞ்சு மணிக்கு அவர் வந்துடுவார், ஞாபகம் இருக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டார்.

புதுக் குடத்தை மாட்டுவது கழற்றியதைவிட எளிது, ஆனால் பொறுமை வேண்டும். அச்சை உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுத்தார்கள். குடம் தனியாகச் சுழலாமல் பிடித்து நிறுத்தும் சின்ன இரும்புத் துண்டை அச்சின் பள்ளத்தில் வைத்துக் குடத்தை ஏற்றினார்கள். நட்டை இறுக்கினார்கள். நட்டு தானாகத் தளராமலிருக்க அதன் வெட்டு வழியாக அச்சில் உள்ள துளைக்குள் ஒரு பின் செருக வேண்டும். வெட்டும் துளையும் நேராக வரவில்லை, கொஞ்சம் தாண்டிவிட்டது. "லேசா பின்னால திருப்பினா போதுமே" என்றேன், அன்றைக்கு நான் பெரிய மெக்கானிக் அல்லவா.

"பின்னால திருப்பவே கூடாது. இறுக்கினது இறுக்கினதுதான். முன்னாலதான் திருப்பணும், துளை வர்ற வரைக்கும்" என்றாள் அவள். இருவரும் நீளக் கம்பி போட்டு மூச்சைப் பிடித்துத் திருப்பினார்கள். துளை வந்தது, பின் ஏறியது. மணி நாலேகால்.

"நீங்க பின்னால சைக்கிள்ல வாங்க. சக்கரத்தையே பார்த்துக்கிட்டு வாங்க. ஆடினா மணி அடிங்க" என்றாள். வீடு வரைக்கும் அந்தச் சக்கரத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. எருமை ஒன்றின் மேல் மோத இருந்தேன், அது பெருந்தன்மையாக ஒதுங்கியது. சக்கரம் ஆடவில்லை. ஊளையும் இல்லை. மணியடிக்க எனக்கு வேலையே இருக்கவில்லை.

வாசலில் அண்ணனும் காய்கறி வியாபாரியும் நின்றிருந்தார்கள். அவளே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினாள். அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பக்கவாட்டில் ஆட்டினார். முப்பத்தைந்து வருட அனுபவத்தை எல்லாம் சேர்த்து ஆட்டினார். பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "ஆடலை" என்றார். மனிதர் நேர்மையானவர், அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் வியாபாரி என்ன செய்தார் தெரியுமா? சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆடற வண்டியா இருந்தாலும் எடுக்கலாம்னு வந்தேன். இது அருமையா இருக்கே. நீங்க சொல்றதுதான் விலை" என்றார். அண்ணன் முகம் மாறியது. என்னைத் தனியாக இழுத்தாலும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினார்.

"பந்தயம் அவ ஜெயிச்சா, ஒத்துக்கறேன். ஆனா இப்படி ஒரு ஆள் இன்னொரு தடவை வர மாட்டார். நாளைக்கு வேற ஒண்ணு உடையும். நல்லா இருக்கும்போதே வித்துடணும்டா. நீ சொன்னா அவ கேட்பா. என்னடா சொல்ற?"

அவள் வண்டியின் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். வலது கால் ஆடுவதற்குத் தயாராகக் குதிகாலைத் தூக்கியிருந்தது. அதைப் பிடித்துத் தரையில் அழுத்தி வைத்தேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இன்னும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது.

"அது அவ வண்டிண்ணே. அவளைக் கேளுங்க" என்றேன்.

நாற்பத்தேழு வயதில் அண்ணனிடம் நான் பேசிய முதல் மறுப்பு அது. அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலையிலிருந்து எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவருக்கு உறுதியாகியிருக்கும். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா?"

"விக்கலை பெரியத்தான்."

"அப்ப சரி" என்றார். வியாபாரியின் தோளில் கை போட்டு, "வாங்க, உள்ள வந்து காபி சாப்பிட்டுப் போங்க" என்று அழைத்துக்கொண்டு போனார். வியாபாரி போகும்போது என் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்த்து, "இதுவாவது விலைக்கு உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இப்படி வரிசையாக இரண்டு தடவை இல்லை என்று சொன்னதும் எனக்கே என்னைக் கொஞ்சம் பிடித்திருந்தது.

அவள் ஜாக்கியை இறக்கி உள்ளே போட்டாள். டீக்கடைக்காரருக்கு ஒரு கட்டி ஐஸ் பாக்கி, மிச்சம் இருந்ததை நாங்களே உடைத்துத் தீர்த்திருந்தோம், தொழிற்சாலைக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். வண்டியை உயிர்ப்பித்தாள். ஊளை இல்லாமல் அது எங்கள் வண்டி மாதிரியே இல்லை. நான் வாசலில் கிரீஸ் கையோடு நின்றேன். அந்தப் பக்கத்துக் கதவை அவள் உள்ளிருந்து சாய்ந்து திறந்துவிட்டாள்.

"வாடா, ஏறு" என்றாள்.

வண்டியைத்தான் சொல்கிறாளோ என்று ஒரு கணம் பார்த்தேன். வண்டியை யாரும் ஏறு என்று சொல்ல மாட்டார்கள். ஏறினேன்.